மாங்குற்றியில் முளைத்த காளான்

உஷாந்தி கொள்ளுப்பிட்டியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பனியில் வேலை செய்கிறாள். வீடு கிருலப்பனையில். மழை விட்ட மறுநாள் அவள் வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கி, கால்வாய்க் கரையோரமாக நடந்துதான் வீட்டுக்குப் போவாள். காளான் பார்க்கத்தான். புல்லில் ஒரு சாதி, உக்கிய இலைக்குள் வேறொன்று, பட்ட மரத்தில் இன்னொன்று. கறையான் புற்றடியில் வெள்ளைக் குடை விரிந்திருக்கக் கண்டால் அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷம். பறிக்கமாட்டாள். படம் எடுத்து, காளான் ஆராய்ச்சி செய்கிறவர்கள் இருக்கும் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவாள்.

அப்படி ஒரு பின்னேரம் சேலையோடு முழந்தாளிட்டுப் போனைத் தாழப் பிடித்திருந்தபோது, ஒருவன் ஓடிவந்து பக்கத்தில் குந்தினான்.

"என்ன விழுந்தது? மோதிரமோ, தோடோ?"

"ஒண்டும் விழேல்லை. காலை எடுங்கோ!"

எடுத்தான். அடியில் சப்பளிந்து கிடந்தது, அவள் அதுவரை கண்டிராத ஒரு நீலச் சாயல் காளான்.

"ஐயோ, சொறி!"

"சொறி சொன்னா அது எழும்புமோ?" என்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

அடுத்த கிழமை அவன் அதே இடத்தில் காத்துநின்றான். பெயர் ராகுலன், ஒருகொடவத்தையில் ஒரு லொறி டிப்போவில் வேலை. டிப்போவின் பின்வளவில் கிடந்த மாமரக் குற்றியைப் போனில் காட்டினான். குற்றி முழுக்கக் காது காதாகக் கபிலக் காளான். அடியில் வார்னிஷ் பூசியதுபோல் மினுங்கும் விசிறி ஒன்று.

"இது சாப்பிடலாமோ?"

"காது மாதிரி இருக்கிறதைச் சூப்பிலை போடுறவை. மினுங்குற சாதியைச் சீனாவிலை மருந்துக்கு எடுக்கிறவை. ஆனா படத்தைப் பாத்து நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"அப்ப நேரிலை வாங்கோவன்."

குழுவிலிருந்த ஆய்வாளர் ஒருவரையும், தாயார் பாலேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை போனாள். ஆய்வாளரும் உஷாந்தியும் குற்றியடியில் குந்திவிட்டார்கள். பாலேஸ்வரி காளான் பக்கம் திரும்பவே இல்லை.

"தம்பி எவடம்? அம்மா அப்பா எங்கை இருக்கினம்?"

தையில் கலியாணம் நடந்தது.

அந்தக் குற்றி அடுத்த மழைக்கும் காய்த்தது. ஆய்வாளர் மறுபடி வந்து பார்த்து, சாப்பிடலாம் என்று உறுதியாகச் சொன்ன காதுக் காளானில் ராகுலன் சூப் வைத்தான். கோப்பையை உஷாந்தியிடம் நீட்டினான்.

"நீர் முதல்லை குடியும்."

"பயமோ?" என்றாள் அவள்.

"பயமில்லை. மரியாதை."

அவள் சிரித்துக்கொண்டே குடித்து முடித்தாள். அவன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சட்டியில் மிச்சமிருந்த முழுவதையும் தானே குடித்தான்.