கொடைக்கு வந்த பிக்குணி

செய்தி வந்தபோது நான் தென்காசிப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். சாரல் காலம். குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பிய கூட்டம் ஈரத் துண்டுகளோடு பேருந்துகளை மொய்த்திருந்தது. கைப்பேசியில் எங்கள் பழைய மாணவி இசக்கியம்மாள் அழைத்தாள்.

"டீச்சர், அம்மா போயிட்டாவ. தூக்கத்துலயே போயிட்டாவ. நீங்க ஆஸ்பத்திரிக்கு வராண்டாம், நேரா காலேஜுக்கு வந்திருங்க. அங்கதான் கொண்டுவாரோம்."

ஊருக்குப் போக இருந்த நான், குற்றாலம் பக்கம் போகும் பேருந்தில் ஏறினேன்.

பிக்குணி உத்தரா அம்மாவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனாலும் அவர் எங்கிருந்து வந்தார் என்பதை நம்மில் சிலர் அறியாமல் இருக்கலாம். அவர் ராயகிரியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் வேலம்மாளாகப் பிறந்தவர். உடன்பிறந்தவர்கள் காவல்துறைக்குப் போனார்கள். அவர் ராணுவ மருத்துவமனையில் செவிலியராகச் சேர்ந்தார். வடக்கே பணியில் இருந்த காலத்தில் ஒரு பௌத்த சங்கத்தோடு பழக்கம் ஏற்பட்டு, ஓய்வு பெற்றதும் தலையை மழித்துக் காவி உடுத்திக்கொண்டார். அந்தச் சங்கம் குற்றால மலையடிவாரத்தில் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தைத் தொடங்கியபோது, ஊர் தெரிந்தவர் என்று அவரையே பொறுப்பாளராக அனுப்பியது.

"ஊர் தெரிஞ்சவன்னு அனுப்பிட்டாவ. ஊருக்கு என்னயத் தெரியாண்டாமா, டீச்சர்?" என்று முதல் நாளே என்னிடம் கேட்டார். தமிழ் கற்பிக்க வந்த எனக்கு அவருடைய தமிழ் அன்றே பிடித்துவிட்டது. எந்தச் சபையிலும் அவர் ராயகிரிப் பேச்சை விட்டதில்லை.

ஊருக்கு அவரைத் தெரியவந்த விதமும் அவர் பாணியில்தான் இருந்தது. பல்கலைக்கழகம் மதம் மாற்ற வந்திருக்கிறது என்ற பேச்சு பரவி, ஒருநாள் காலையில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. காவலர்களை அழைக்கலாம் என்றேன். அவர் கேட்கவில்லை, தானே போய்க் கூட்டத்தின் நடுவில் நின்றார்.

"எங்க பிள்ளையள மாத்தவா வந்திருக்கிய?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"அண்ணாச்சி, எனக்கே மாறுததுக்குப் பாதி ஆயுசு போயிட்டு. உங்க பிள்ளைய மூணு வருசப் படிப்புல மாத்திர முடியுமா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கேள்வி கேட்டவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஆண்டு அவருடைய பேத்தி எங்களிடம் சேர்ந்தாள்.

அம்மா எல்லா நேரமும் இப்படி இனிமையாக இருந்ததில்லை. விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தால் சமையலறைக்குள் போய்விடுவார். அவர் குரல் வகுப்பறை வரை கேட்கும். அருவிக்குப் பக்கத்திலேயே இத்தனை காலம் இருந்தும் ஒருமுறைகூட அதில் நின்றதில்லை. "குளிரு ஆவாது எனக்கு" என்று வெந்நீரில்தான் குளிப்பார். துறவி என்றால் பனியிலும் மழையிலும் நிற்பார்கள் என்று நம்பிவந்த வெளியூர் விருந்தினர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

நான் சொல்ல வந்தது இசக்கியம்மாளின் கதையை. அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவள் அம்மா செல்லம்மாள் புளியறை சோதனைச் சாவடிக்கு அருகே லாரிக்காரர்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்துபவர். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது இசக்கி கோயில் கொடைக்கு விடுமுறை கேட்டு வந்தாள். எங்கள் பக்கத்தில் கொடை என்றால் ஆடு வெட்டிப் பொங்கலிடும் திருவிழா. உயிர்க்கொலை கூடாது என்பதை முதல் நெறியாகக் கொண்ட ஒரு நிறுவனத்தில் அதற்கு விடுமுறை உண்டா என்று அலுவலகத்தில் தயங்கினார்கள். அம்மா உடனே கொடுத்தார். ஆனால் இசக்கி அறையை விட்டுப் போகவில்லை.

"நான் திரும்பி வரமாட்டேம்மா. கொடை முடிஞ்ச கையோட மாமா மகனுக்குப் பரிசம் போடுதாவ. யார்ட்டயும் சொல்லிராதிய. எங்கம்மைக்குத் தலைகுனிவாப் போயிரும்."

அப்போது அந்த அறையில் நானும் இருந்தேன். அவள் போனபின் அம்மா நாட்காட்டியில் கொடை நாளைப் பார்த்தார். பிறகு, "டீச்சர், கொடைக்குப் போவோமா?" என்றார்.

"ஆடு வெட்டும் இடத்தில் இந்தக் காவியோடு நீங்கள் போய் நின்றால் சங்கம் என்ன சொல்லும்?" என்றேன்.

"சங்கம் சொல்லுதத அப்புறம் கேட்டுக்கிடலாம். பிள்ள அங்கன இருக்கால்லா."

போனோம். மேளம் உச்சத்தில் இருந்தது. செல்லம்மாள் ஓடிவந்து கும்பிட்டார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆடு வெட்டுத நேரம் நான் எந்திரிச்சு ரோட்டுக்குப் போயிருவேன். கோவிச்சுக்கப்பிடாது. பொங்கலுக்கு வந்திருவேன்" என்றார். சொன்னபடியே எழுந்து போனார்; சொன்னபடியே திரும்பி வந்து, இலை போட்டு உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் பேச்சைத் தொடங்கினார். பரிசத்தைப் படிப்பு முடியும்வரை தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார்.

இசக்கியின் தாய்மாமனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சாமியாரம்மாவுக்குக் கல்யாணத்தப் பத்தி என்ன தெரியும்?"

"கல்யாணத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது, அண்ணாச்சி. அழுத பிள்ளையப் பாத்தாத் தெரியும்."

எல்லோரும் இசக்கியைப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்த செல்லம்மாள் கடைசியில், "அண்ணே, படிப்பு முடியட்டும். பெறவு பேசிக்கிடுவோம்" என்றார். மறுநாள் இசக்கி வகுப்பில் இருந்தாள்.

அத்தோடு முடியவில்லை. கொடைப் பந்தலில் அம்மா உட்கார்ந்திருந்ததை யாரோ கைப்பேசியில் படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். படம் சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மூத்த பிக்கு ஒருவரும் அவருடன் இரண்டு இளம் பிக்குகளும் விசாரிக்க வந்தார்கள்.

"உயிர்ப்பலி நடந்த இடத்துக்குப் போனீர்களா?" என்று ஓர் இளம் பிக்கு கேட்டார்.

"போனேன்."

"என்ன காரணம்?"

"காரணம் இருக்கு. ஆனா அது இன்னொருத்தர் வீட்டு விசயம். எடுத்துச் சொல்லுததுக்கு எனக்கு உரிமையில்ல."

"அப்படியானால் இந்தப் பொறுப்பில் நீங்கள் தொடர்வது சிரமம்."

"பொறுப்ப விடச் சொன்னா விட்டுருதேன். காவிய விடச் சொல்லாதிய. அத விடமாட்டேன்."

நான் எழுந்து உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். உட்கார்ந்துவிட்டேன். அன்று எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. ஒரே ஒரு வாக்கியம் போதும், பிழைத்துக்கொள்ளலாம். அதைச் சொல்ல மாட்டேன் என்கிறாரே!

விசாரணை நடப்பது விடுதிவரை பரவியிருந்தது. இசக்கி தன் தாய்க்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை செல்லம்மாள் கடையைச் சாத்திவிட்டு வந்து, யாரையும் கேட்காமல் பிக்குகளின் முன் போய் நின்றார்.

"சாமி, அவ்வோ எங்க சாமியக் கும்பிட வரல. எம் மவளக் கூட்டிட்டுப் போவ வந்தாவ. எங்க வீட்டு விசயம்னு வாயத் தொறக்காம இருக்காவளாம். நான் தொறக்கேன்" என்று தொடங்கி, பரிசம், அண்ணன், மகளின் அழுகை என ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தார்.

மூத்த பிக்கு முதல்முறையாகப் பேசினார். "ஆடு வெட்டும்போது அவர் எழுந்து போய்விட்டார் என்கிறீர்கள். உங்களுக்குக் கோபம் வரவில்லையா?"

"வந்துச்சு சாமி. ஆனா பொங்கலுக்குத் திரும்பி வந்துட்டாவல்லா."

பெரியவர் முகம் மலர்ந்தது. அம்மாவே பொறுப்பில் தொடரட்டும் என்றார். கொடைக்கு விடுமுறை கேட்கும் எந்தப் பிள்ளைக்கும் மறுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு புளியறையிலிருந்து எங்களுக்கு ஆண்டுதோறும் பெண்பிள்ளைகள் வருகிறார்கள். இசக்கி படித்து முடித்துத் தென்காசியில் அரசு வேலையில் இருக்கிறாள். அந்த மாமா மகன் வேறு பெண்ணைக் கட்டினான். அந்தக் கல்யாணத்துக்கும் அம்மா போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

நோய் வந்தபோதும் அவர் அதை வளைத்துப் பேசவில்லை. ஆறுதல் சொல்ல வந்த மருத்துவரிடம், "நர்ஸுகிட்டப் பொய் சொல்லாதிய தம்பி, கண்டுபிடிச்சிருவேன்" என்றாராம். நான் கடைசியாகப் பார்த்த மாலையில் தேர்வு முடிவுகளைத்தான் கேட்டார். தோற்றவர்கள் யார் யார், அவர்களிடம் யார் பேசினீர்கள் என்று கேட்டார். தேறியவர்களைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பல்கலைக்கழகக் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். ராயகிரியிலிருந்து வந்த தம்பி, ஓய்வு பெற்ற காவலர், விறைப்பாக நின்று வணங்கினார். பிக்குகள் பாலி மொழியில் ஓதி முடிக்கும்வரை ஓரமாகக் காத்திருந்த புளியறைப் பெண்கள், முடிந்ததும் அருகே வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். துறவிக்கு இப்படி அழலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

அவருடைய பொறுப்பை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய வாய்த்துடுக்கு எனக்கு வராது. அந்த நிதானமும் வராது. வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் என் ஊரான சுந்தரபாண்டியபுரத்திலேயே அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். முதலாண்டு மாணவி, சில நாட்களாக வகுப்புக்கு வரவில்லை. அவள் அப்பா வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு வந்திருக்கிய?"

"உங்க மகளக் கூட்டிட்டுப் போவ வந்தேன்."

அவர் உள்ளே கூப்பிடவில்லை. நானும் திரும்பவில்லை. பிறகு அவர் உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து போட்டார்.