மூன்றாம் பத்தியில் அப்பா

வெளிநாட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. ஆங்கிலத் தேர்வில் மற்றதெல்லாம் தாண்டிவிடுவேன், கட்டுரையில் மட்டும் இரண்டு முறை அரை மதிப்பெண்ணில் கவிழ்ந்தேன். மூன்றாவதும் போனால் வேலையும் போய்விடும் என்று ஏஜென்சியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வந்த எரிச்சலில் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன்.

கட்டுரை திருத்துகிற மேடம் என்னைவிட இளையவர். "நாப்பது நிமிஷம்தான். ரெண்டே நிமிஷத்துல சரியா தப்பான்னு ஒரு பக்கம் எடுத்துருங்க, அப்புறம் ஆடக் கூடாது. மூணாவது பாராவுல உங்க வீட்டுல நடந்த ஒண்ணை எழுதுங்க. படிக்கிறவங்க நம்பணும்," என்றார்.

மக்களின் பாதுகாப்புக்காக அரசு அவர்களைக் கட்டாயப்படுத்தலாமா என்பது முதல் தலைப்பு. கட்டாயப்படுத்த வேண்டும் என்று எடுத்தேன். மூன்றாம் பத்தியில் கை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் என்ன பெரிதாக நடந்துவிட்டது? கடிகாரம் ஓடியது. ஹெல்மெட் போடாமல் வண்டியில் போன என் அப்பா புதுச்சத்திரம் நெடுஞ்சாலையில் இறந்தார் என்று எழுதிவிட்டேன்.

அதுவரை வாங்காத மதிப்பெண் வந்தது. அது போதாதா எனக்கு? தலைப்பு எதுவானாலும் அப்பாவை இழுத்து வந்தேன். முதலில் ஒரே வரியில் செத்தவர், போகப் போக நிதானமாகச் செத்தார். ஒற்றைச் செருப்பு ரோட்டில் கிடந்தது. தூக்குப்போசியிலிருந்து பால் வழிந்தது. எழுதிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால், அவர் கட்டிலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருப்பார். இவர் எப்படி இங்கே என்று ஒரு நொடி நிஜமாகவே தோன்றும். ஒருநாள் அவர் நிழல் தரையில் விழுகிறதா என்றுகூடப் பார்த்தேன். சீ, என்ன புத்தியோ!

ஒரு ஞாயிறு மத்தியானம் அந்த மேடமே வாசலில் வந்து நின்றார். நாமக்கல் போகிற வழியில் இறங்கினாராம்.

"வாங்க சாமி, வாங்க," என்று அப்பா வாய் நிறைய அழைத்தார். மேடம் சிரிக்கவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க கட்டுரை படிச்சதுல இருந்து மனசே சரியில்லைங்க. ஒரு வார்த்தை விசாரிக்காம இருக்க முடியல," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவங்க பெரியப்பாங்களா?" என்று கேட்டார்.

பொய் வெளுத்தால் இனி என் கட்டுரையைத் தொடமாட்டார் என்ற பயம். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அப்பா மூன்றடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் எழுந்து போனார். வாரேன் என்று சொல்லவில்லை. எழவு வீட்டிலிருந்துதான் அப்படிக் கிளம்புவார்கள். அப்பா வெகுநேரம் வாசலையே பார்த்தார். "ஏன் சாமி, அந்தப் புள்ள சொல்லாமப் போகுது?" என்றார். நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவரும் அப்புறம் கேட்கவில்லை. ஓயாமல் ஊர்க்கதை பேசுகிற மனுஷன், அன்றிலிருந்து சத்தமே இல்லாமல் நடமாடினார். திரும்பிப் பார்த்தால்தான் பின்னால் நிற்பது தெரியும்.

தேர்வன்று கணினி முன்னால், இன்றைக்காவது அவரை விட்டுவிட வேண்டும் என்று சத்தியம் பண்ணிக்கொண்டேன். தலைப்பு, பழைய வண்டிகளைத் தடை செய்யலாமா என்பது. பக்கத்து வீட்டுக்காரரை வைத்து எழுதிப் பார்த்தேன். நானே நம்பவில்லை, அழித்தேன். திரையின் மூலையில் பதினொரு நிமிடம் மிச்சமிருந்தது. அப்புறம் விரல்கள் தாமாக ஓடின. செருப்பு, பால், எல்லாம் கேட்காமலே வந்தன.

தேவைக்கு மேலேயே மதிப்பெண் வந்தது. போனில் காட்டினேன். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். சந்தோஷப்படுகிறார் என்றே நினைத்தேன்.

"அதுல நான் எப்படிச் செத்தேன் சாமி?" என்றார்.

"வண்டியில போறப்பங்கப்பா," என்றேன்.

"ரொம்ப நேரம் கெடந்தனா?"

"இல்லீங்கப்பா. அந்த எடத்துலயே."

"அதுவரைக்கும் நல்லது," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கட்டுரையில் அவர் அரைமணி நேரம் கிடந்தார். யாரும் வண்டியை நிறுத்தவில்லை.