நாற்பது ஜாம்பிகளும் தப்பிக்காத ஹீரோவும்

மூன்றாவது டேக்கிலும் ஜாம்பிகள் ஹீரோவைப் பிடித்துவிட்டார்கள். கதைப்படி அவர் தப்பிக்க வேண்டும்.

ஒரு வெப் சீரிஸில் நான் இணை இயக்குநர். நிறையப் படித்தவன் என்ற பெயருக்காக, ஐம்பது வயதில் எனக்குத் தரப்பட்ட வேலை ஜாம்பிகளைத் தரம் பிரிப்பது. ஊர்வான்: கணுக்காலுக்கு ஆபத்து. நடப்பான்: ஆபத்து குறைவு, எட்டி நடைபோட்டாலே தப்பலாம். ஓடுவான்: உயில் எழுதிவிடவும். இதை ஒரு சார்ட்டாக்கி, லேமினேட் செய்து யூனிட் முழுக்கக் கொடுத்திருந்தேன்.

ஜவ்வாது மலைச் சரிவில் அன்று எடுத்தது நடப்பான் காட்சி. சாமை அறுப்பு முடிந்த ஊர்க்காரர்கள் நாற்பது பேர் ஜாம்பிகள். ஹீரோ ஜிம் உடம்போடு மேட்டில் தலைதெறிக்க ஓடினார். அவர்கள் பேசிக்கொண்டே நடந்துபோய்ப் பிடித்தார்கள். முன்னால் வந்த சரசம்மா, விழுந்தவரைக் கைகொடுத்துத் தூக்கியும் விட்டார்.

டைரக்டர் என்னிடம் வந்தார். "ஹீரோ குடுத்த டேட் இன்னிக்கோட முடியுது சார். லைட் போறதுக்குள்ள ஷாட் வரலைன்னா, சார்ட்டோட நீங்களும் கெளம்பிடலாம்."

சரசம்மாவிடம் ஓடினேன். "இன்னும் மெதுவா நடங்கம்மா."

"இதுக்கு மேல மெதுவான்னா நிக்கத்தான் சார் வேணும். உங்க ஈரோவுக்கு இன்னா சோறு போட்றீங்க?"

"நீங்க செத்தவங்க. அப்படி நெனச்சு நடங்க."

"செத்துப் பாத்தாதான சார் தெரியும்? நீங்க நடந்து காட்டுங்க."

தலையைச் சாய்த்து நாலடி நடந்தேன்.

"மூட்டு வலிங்களா சார்?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். ஹீரோவும்.

வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. "உயிரே இல்லாம வீட்டுக்கு நடந்து வந்த நாள் ஒண்ணுகூடவா இல்லம்மா?" என்று கெஞ்சினேன்.

"ஏன் இல்ல? பட்டாவுக்கு மனு குடுக்க ரெண்டு பஸ்சு மாறிப் போவோம். ஆபீசர் மீட்டிங் போய்ட்டாரு, நாளைக்கி வாம்பாங்க. வூட்டுக்கு வர்றப்ப காலு எங்க போவுதுன்னே தெரியாது."

சொன்னவர் சட்டென்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "ஏய், எல்லாரும் கேட்டுக்கோங்க! ஆபீசர் இல்லயாம்!"

டைரக்டர் ஆக்‌ஷன் சொல்வதற்குள் நாற்பது முகங்களும் அணைந்தன. தோள்கள் சரிந்தன. ஒருவர் இல்லாத மனுவைக் கையில் மடித்துப் பிடித்திருந்தார். திரும்பிப் பார்த்த ஹீரோ நிஜமாகவே அலறி, முதல் முறையாக உச்சிவரை ஓடினார். ஷாட் ஓகே. என் வேலையும் ஓகே.

இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஜாம்பியை வேகத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், அது எங்கிருந்து திரும்பி வருகிறது என்று கேளுங்கள். அன்றே சார்ட்டில் 'திரும்புவான்' என்று நான்காவது வகையை மார்க்கரால் சேர்த்தேன். இதனால் யாருக்கு ஆபத்து என்று எழுதுவது? சரசம்மாவையே கேட்டேன்.

"ஆபீசருக்குன்னு போடுங்க சார்," என்றார். "நாளைக்கும் போவோம்ல."