ஊற்றுப்பூவின் காய்

வட்டகொடைக்கு மேலே, எங்கள் தோட்டத்தின் தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குக் குழாயில் வருகிற தண்ணீர் அதுதான். அந்த ஊற்றைச் சுற்றிய ஈரத்தில் மட்டும் ஒரு செடி வளர்கிறது. முழங்கால் உயரம், வெள்ளைப் பூ, பூவின் தொண்டையில் கொஞ்சம் ஊதா. படித்தவர்கள் வைத்த பெயர் ஒன்று அதற்கு இருக்கும். எங்களுக்கு ஊற்றுப்பூ. தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில் கத்திகளை அடுக்கிச் சாமி கும்பிடும்போது, பூத்திருந்தால் அதைத்தான் பறித்து வந்து வைப்பார்கள்.

அந்தச் செடியை இல்லாமல் செய்யப் பார்த்தவன் நான். காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் செய்தேன்.

தண்ணீர்த் தொட்டி கட்டியபோது பாதிச் செடிகள் போயின. பிறகு ஒரு பெருமழையில் மண் சரிந்து மீதியிலும் பெரும்பகுதி போயிற்று. நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த காலம் அது. வேலைக்காலம் முழுவதும் தேயிலை நர்சரியில் இருந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? நல்ல தாய்ச்செடி ஒன்றைத் தேர்ந்து, ஓர் இலையும் ஒரு கணுவும் நிற்கும்படி தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் பையில் ஊன்றி, கெக்கில்லப் பெரணியைச் சொருகி நிழல் கொடுத்தால் போதும். ஒரே தாயிலிருந்து ஒரு மலையையே நிரப்பலாம். வேறு சாதி நாற்று ஒன்று கலந்துவிட்டால் பிடுங்கி எறிவோம். எங்கள் தொழிலில் கலப்பு ஒரு குற்றம்.

ஊற்றடியிலும் அப்படியே செய்தேன். குலுங்கப் பூத்து நின்ற ஒன்றைத் தாயாக எடுத்தேன். எஞ்சி நின்றவற்றில் ஒன்றுக்குச் சிறிய இலை, ஒன்றுக்குச் சிவந்த கோணல் தண்டு, இன்னும் சில வெளிறிப்போனவை. அத்தனையையும் நோஞ்சான்கள் என்று பிடுங்கிக் கீழே கானில் எறிந்தேன். மழைத்தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்காலைத்தான் கான் என்போம். உடன் வந்திருந்த என் மனைவி, "அதுவும் உசுரோடதானே நிக்குது, ஏங்க புடுங்குறீங்க?" என்றாள். "ஒனக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன்.

சில ஆண்டுகளில் ஊற்றடி வெள்ளையாகிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் தலையாட்டி ஏற்றுக்கொண்டேன்.

ஹட்டனில் உயிரியல் கற்பிக்கும் என் மருமகளை ஒருநாள் பெருமையாகக் கூட்டிப்போனேன். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"என்ன மாமா, காலைல வேலைக்கு ஆள் நிறுத்துற மாதிரி செடிக்கும் பெரட்டு கூப்பிட்டு வச்சிருக்கீங்க! எல்லாம் வரிசையா, ஒரே உசரத்துல நிக்குது."

"பின்ன? யாரு கை பட்டதுன்னு நெனச்ச?"

அவள் குனிந்து பூக்களை விலக்கிப் பார்த்தாள். நகர்ந்து போய் இன்னும் விலக்கினாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"காய் எங்க மாமா?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. முன்பெல்லாம் பூ உதிர்ந்ததும் சிறு காய்கள் கருத்து வெடிக்கும். அவற்றைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

"சில செடி தன் பூந்தூள வச்சுத் தானே காய்க்காது. வேற செடியோட தூள் வரணும். இங்க வேற செடியே இல்ல. இம்புட்டும் ஒரே செடிதான், பல எடத்துல நிக்குது."

"ஒரு நோயி வந்தா?" பதில் தெரிந்தே கேட்டேன்.

"ஒண்ணு படுத்தா எல்லாம் படுத்துரும். ஒங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. ஒரே தாயின் தேயிலை மலை முழுவதும் கொப்புள நோயில் சுருண்டதையும், பக்கத்திலேயே பழைய விதைத் தேயிலை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பி நின்றதையும் என் கண்ணால் கண்டிருக்கிறேன். தெரிந்தவன் செய்த தவறு இது. பிடுங்கி எறிந்ததை அவளிடம் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"எங்க எறிஞ்சீங்க? காட்டுங்க" என்றாள்.

கானோடு இறங்கினோம். சேறும் பெரணியும் மண்டிக்கிடந்தன. கான் திரும்பும் இடத்தில் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கியவள், "மாமா, மெதுவா வாங்க, வழுக்கும்" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் முன்னால் சிவந்த தண்டு.

நான் எறிந்த நோஞ்சான். சேற்றில் கிடந்த தண்டு, கணு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டிருந்தது. அங்கிருந்து ஊர்ந்து அடுத்த கணுவிலும் வேர்விட்டிருந்தது. வெட்ட ஆளில்லை, பை இல்லை. நிழல் மட்டும் இருந்தது. கெக்கில்லப் பெரணி அங்கே தானாகவே வளர்ந்திருந்தது. என் தொழில் என்று நான் பெருமை கொண்டாடிய வித்தை, இந்த மலைக்குத் தேயிலை வருமுன்பே அதற்குத் தெரிந்திருந்த வித்தை. அதைக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன். மருமகள் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தாள்.

கானின் முடிவு வரை தேடினோம். சிறிய இலைச் செடி இல்லை. வெளிறியவையும் இல்லை. அவை போனது போனதுதான்.

சிவந்த தண்டில் கொஞ்சம் வெட்டி வந்து, ஊற்றடிச் செடிகளுக்கு நடுவே ஊன்றினேன். அடுத்த பூப்பில் வண்டுகள் தங்கள் வேலையைப் பார்த்தன. பூ உதிர்ந்தபின், கண் மங்கிய நான் விரலால் தடவித்தான் முதல் காயைக் கண்டேன்.

வெடித்த விதைகள் இப்போது முளைத்திருக்கின்றன. ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒன்றுக்கு இலை அகலம், ஒன்றுக்குத் தண்டு பாதி சிவப்பு. ஊற்றின் ஓரத்தில் ஒன்று கோணலாக, வெளிறி, பிழைக்குமா என்று சந்தேகப்படும்படி நிற்கிறது. நர்சரியில் இருந்திருந்தால் முதலில் அதைத்தான் பிடுங்கியிருப்பேன். நேற்று வெயில் கடுமையாக இருந்தது. ஒரு கெக்கில்லக் கொப்பு ஒடித்து அதற்கு மேலே சொருகிவிட்டு வந்தேன்.