கண்மாய் நடுவில் நின்றுபோன மோட்டார் படகு

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால், ஒரு ஐப்பசி அடைமழையின்போது நடந்தது இது. நான் அப்போது மதுரை பழங்காநத்தத்தில் ஒரு பஸ் ஷெட்டில் மெக்கானிக். திருமங்கலம் போகிற வழியில், ஒரு பெரிய கண்மாய்க் கரையில் பஞ்சு வியாபாரி ஒருவருக்குத் தோட்டம் இருந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய மோட்டார் படகை வாங்கி, இஞ்சின் முதற்கொண்டு பச்சைப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். குடும்பத்தோடு உல்லாசமாகச் சுற்ற ஆசை. ஆனால் படகு கொஞ்ச தூரம் ஓடும், நின்றுவிடும். சற்று ஆறப்போட்டு, இஞ்சினில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் மறுபடி ஓடும்.

அதைச் சரிபார்க்க என்னையும் என் தங்கை வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருந்தார். தங்கை வீட்டுக்காரருக்கும் எங்கள் ஷெட்டில்தான் வேலை. பிளக்கைத் துடைத்தோம், கார்புரேட்டரைப் பிரித்து ஊதி மாட்டினோம். கரையோரம் கட்டிப்போட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்ததில் பழுது தெரியவில்லை. சரியாகிவிட்டது என்றே நினைத்தோம். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கரையில் கூச்சல்.

மேற்கே எங்கேயோ உடைப்பெடுத்து, வரத்துக் கால்வாயில் செந்தண்ணீர் திரண்டு வந்துகொண்டிருந்தது. கண்மாய்க்குள் ஒரு மேட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்த புருஷனும் பெண்சாதியும் அகப்பட்டுக்கொண்டார்கள். மேடு மூழ்கி, இருவரும் ஒரு கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது கரையிலிருந்தே தெரிந்தது.

வியாபாரி யோசிக்கவே இல்லை. "படகு போனாப் போகுது, எடுத்துக்கிட்டு ஓடுங்கய்யா!" என்றார்.

பாதி தூரத்தில் இஞ்சின் நின்றது.

இருவரும் மாறி மாறிக் கயிற்றை இழுத்தோம். என் உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. வெள்ளம் படகைத் தள்ளிக்கொண்டு போய் முள்மரங்களுக்குள் சொருகியது. பதற்றத்தில் நான் பிளக்கைத் திரும்பவும் கழற்றினேன். பெட்ரோல் ஈரமே இல்லாமல் காய்ந்து கிடந்தது.

"பெட்ரோல் இருக்கா பாருங்க மச்சான்" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

டேங்க் மூடியைத் திருகினேன். 'புஸ்'ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. பாதி டேங்குக்கு மேல் பெட்ரோல் இருந்தது. மூடியில் காற்றுப் போவதற்கு ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று உண்டு. பெயிண்ட் அதை அடைத்திருந்தது; கரையில் பழுதுபார்த்தபோது நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை. காற்றில்லாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? மூடியைத் தளர்த்தி வைத்து இழுத்ததும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்புறம் நிற்கவே இல்லை.

மரத்தடியில் அந்தப் பெண் மட்டும்தான் இருந்தாள். கழுத்தளவு தண்ணீர். தூக்கிப் படகில் போட்டோம்.

"உன் வீட்டுக்காரரு எங்கம்மா?"

"இந்நேரம் வரைக்கும் பேசிக்கிட்டுத்தானய்யா இருந்தாரு. படகுச் சத்தம் கேக்குது, வந்துருவாக, கையை விட்றாதன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. சத்தம் நின்னுபோச்சேன்னு எட்டிப் பாத்தாரு. கால் வழுக்கிருச்சு."

பேர் சொல்லிக் கத்திக் கத்தி இருட்டும் வரை தேடினோம். மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகுதான் அவர் உடம்பு கிடைத்தது.

தேடிக்கொண்டிருந்தபோது ஒன்று நடந்தது. படகின் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தவள் என் கையைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, இம்புட்டு ரத்தமா?" என்றவள், ஈரச் சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கட்டுப்போட்டாள். பழுதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு, மறுபடி அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். படகு ஏன் நின்றது என்று அவளும் கேட்கவில்லை.

ஒரு மாசம் கழித்து, எப்படியாவது சொல்லிவிட வேண்டுமென்று அவள் ஊருக்குப் போனேன். தெற்கே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. காயம் சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் புருஷன் போன அந்த நேரத்திலும் யாரோ ஒருவன் கையைப் பற்றிக் கவலைப்பட்ட அந்த மனசுக்கு முன்னால், நாங்கள் அவளைக் காப்பாற்றினோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றுவரை வாய் வந்ததில்லை.