லைனில் என் பெயர்

ஆறு மாதம் டிரெய்னி, அப்புறம் பெர்மனென்ட் என்று சொல்லித்தான் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனி என்னைக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்த்தது. ஐந்தாவது மாதம் ஒரு பழைய டெஸ்க்டாப் என் வேலைக்கு உலை வைத்தது. இல்லை, பாவம், அது என்ன செய்யும். வைத்தவர் என் சூப்பர்வைசர்.

தரச் சோதனை அறிக்கைகள் எல்லாம் லினக்ஸ் சர்வரில் இருந்தன. அவற்றை அச்செடுக்காமல் ஒரு சரக்கும் லாரி ஏறாது. உற்பத்தி லைன் ஓரத்தில் இருந்த அந்தப் பழைய டெஸ்க்டாப்பிலோ விண்டோஸ் 98. அதிலிருந்து சர்வர் டிரைவைத் திறக்க இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். பிறகுதான் புரிந்தது: ஆன் செய்யும்போது என்ன பெயர் கொடுக்கிறோமோ, விண்டோஸ் அதைத்தான் சர்வரிடம் நீட்டுகிறது. அந்தப் பெயர் சர்வரில் இல்லையென்றால் அனுமதி கிடையாது. லைனுக்கென்று தனிப்பெயர் கேட்டு சென்னை ஆபீஸுக்கு எழுத வேண்டும். சூப்பர்வைசருக்கு அதற்குக்கூட உடம்பு வணங்கவில்லை.

"யாரு எழுதிக்கினு இருக்கிறது? உன் பேரையே போட்டு வுடும்மா. லைன் ஓடணும்."

போட்டேன். மூன்று ஷிப்ட்டும் என் பெயரில் வேலை பார்த்தது. பாஸ்வேர்டை யாரோ மானிட்டரில் எழுதி ஒட்டினார்கள். சூப்பர்வைசர் அதைப் பார்த்தபடியேதான் தினமும் டீ குடித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மாத அறிக்கைகள் இருந்த ஃபோல்டரை யாரோ அழித்துவிட்டார்கள். சர்வரில் அழித்தால் மீட்க முடியாது. அழித்தவர் பெயர் என்று சர்வர் காட்டியது என் பெயரை. அன்று நான் படப்பை ஹாஸ்டலில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு பஞ்ச் ஆகாத என் வருகைக் கார்டை மேனேஜரிடம் காட்டினேன்.

"நீ உள்ள இல்ல, சரி. பாஸ்வேர்ட ஏன் குடுத்த?"

"சார்தான் போடச் சொன்னாவ" என்றேன். பதற்றத்தில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். அந்தப் பேனாவைப் பிடுங்கி வீசத் தோன்றியது.

"டிரெய்னிங்க இத்தோட முடிச்சுக்கலாம்" என்றார் மேனேஜர்.

என் மேஜைக்குப் போய் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுக் கிளம்பினேன். கேட்டைத் தாண்டுவதற்குள் சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

"இன்னாம்மா இப்டிப் பண்ணிட்ட? லாரி நிக்குது. லைன் பசங்க மாட்டிக்குவாங்க, சொல்லிட்டுப் போ."

அந்தப் பசங்களில் பாதிப்பேர் எங்கள் ஊர்ப்பக்கம். புதுப் பாஸ்வேர்டைச் சொல்லித் தொலைத்தேன். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே திரும்பினார்.

லைனுக்குத் தனிப்பெயர் அதற்குப் பிறகும் கேட்கவில்லையாம். அடுத்த தீபாவளி வரைக்கும் என் பெயரை அடித்துத்தான் சரக்கு அனுப்பினார்களாம். நான் வேண்டாம், என் பெயர் வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.