மாப்பிள்ளையின் போன் என் மடியில்

போன வருஷம் ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு காலை நேரம். பிரசவ வலி எடுத்த என் மகளை என் மனைவி நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள். சோளக்காட்டில் இருந்த என்னை ஏற்றிக்கொண்டு மாப்பிள்ளை தன் பிக்கப் வண்டியில் கொல்லிமலையை விட்டு இறங்கினார். தலைப்பிரசவம். இரண்டு பேருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

போனை ஸ்டீயரிங் பக்கத்தில் மாட்டியிருந்தார். கிரிக்கெட் ஸ்கோரோ கல்யாணப் பத்திரிகையோ, எது வந்தாலும் கண் அங்கே ஓடியது. மகனாக இருந்தால் மண்டையில் ஒன்று வைத்திருப்பேன். மாப்பிள்ளையை அதட்டுவது எங்கள் பக்கம் வழக்கமில்லையே! இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தேன்.

இந்த மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பார்கள். ஏறி வருகிற வண்டிக்கு, இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். ஒரு வளைவில் போன் மறுபடி மினுங்கியது. ஆஸ்பத்திரிச் சேதி என்று நினைத்துத் தட்டிவிட்டார். டிரைவர்கள் குரூப்பில் வந்த விழிப்புணர்வு வீடியோ அது. வண்டி ஓட்டும்போது செல்போனைத் தொடாதீர்கள் என்று அலறியது. அந்தச் சத்தத்தில், கீழிருந்து ஏறி வந்த பஸ்ஸின் ஹாரன் காதில் விழவில்லை. பஸ் கண்ணெதிரே வந்த பிறகுதான் பிரேக் பிடித்தார். வண்டி வழுக்கிப்போய் ஓரச் சுவரை உரசி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

பஸ் டிரைவர் திட்டியதில் தப்பே இல்லை. வழக்கமாவது மண்ணாவது என்று போனைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போவதற்குள் அது அடித்தது. என் மனைவிதான்.

"எடுங்க மாமா," என்றார் மாப்பிள்ளை, அழாத குறையாக.

"நீங்க ரோட்டப் பாருங்க மாப்ள. கீழ போயி பேசிக்கலாமுங்க."

நல்லதோ கெட்டதோ, சேதி கேட்டு அவர் கை நடுங்கிவிடக் கூடாது. ஆனால் பெற்றவன் நான் அல்லவா? அடித்து ஓய்ந்து அது மறுபடி அடித்தபோதெல்லாம் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டோம். எங்கே தொலைந்தீர்கள் என்று என்னை ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான், பெண் குழந்தை, இருவரும் நலம் என்றாள். மாப்பிள்ளை ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டார்.

என் பேத்தியின் பிறந்த நாளே அவள் அப்பாவின் நினைவு நாளாகவும் ஆகியிருக்குமே என்று நினைத்தால் இன்றும் உடம்பு பதறுகிறது. மாப்பிள்ளை வண்டிச் சாவியை எடுத்ததும் நான் கையை நீட்டுகிறேன், அவரும் போனைக் கொடுத்துவிடுகிறார்.